ஒரே 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா?

பிள்ளைகள் படிப்புக்கு ஒரு கணினி, லீவுல மைன்கிராஃப்ட், வேலரண்ட் மாதிரி கேமும் ஓடணும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இப்படிக் கேட்பவர்களுக்கு நான் தனி கிராஃபிக்ஸ் கார்டு சொல்வதில்லை. 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி மாதிரி, கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கும் பிராசசர் போதும். (அந்த 'ஜி' முக்கியம். வெறும் 5600 வாங்கினால், கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.)

கோட்டை விடுவது ராமில்தான். "ஒரே 16 ஜிபி போடுங்க சார், அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்பார் கடைக்காரர். ஆபீஸ் வேலைக்குச் சரி. ஆனால் இந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. பிராசசரோடு இதே ராமைப் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ராம், ஒரு சேனலில் நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் அனுப்பும். ஆக 25.6 ஜிபி. இரண்டு 8 ஜிபியை இரண்டு சேனலில் போட்டால் 51.2. ஜிடிடிஆர்5 ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கே 128 உண்டு. ஏற்கெனவே குறைவாக இருப்பதை நாமே பாதியாக்கலாமா?

நாலு ஸ்லாட் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் செருகாதீங்க. பெரும்பாலும் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்காரும். பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-இல் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால், 3200 என்று விற்ற பல ராம்கள் 2400, 2666-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.