மிளகுக்கொடிக்குத் தூண்டில்!

கொச்சியின் இடப்பள்ளி நெரிசலைத் தாண்டி மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு வந்துவிட்டால், மூக்குதான் வழிகாட்டி. 1957 முதல் மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடந்த ஊராயிற்றே! திரிகடுகத்தில் ஒன்றான அந்த மிளகை, கொடியோடு சாய்க்கும் திருடனை எப்படிப் பிடிக்கிறார்கள்? வாருங்கள், ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில் எட்டிப் பார்ப்போம்.

தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் இலையில் கறுப்புப் புள்ளி விழும். ஓரத்தை உற்றுப் பாருங்கள், வட்டமாக முடியாமல் பிரிபிரியாகப் பரவியிருக்கும். முதல் துப்பு அதுதான். அடித்தண்டு அழுகினால் கொடி சில வாரங்களில் சரிந்துவிடும். இதை மலையாளத்தில் 'த்ருதவாட்டம்', அதாவது வேகவாட்டம் என்பார்கள். மெதுவாட்டம் வேறு ஆசாமி. வேரில் நூற்புழுவும் சேர்ந்துகொள்ள, கொடி மஞ்சளித்து வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

இனிதான் வேடிக்கை! கொடியடி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மேலே அல்பீசியா மரத்தின் குட்டி இலைகளை மிதக்க விடுகிறார்கள். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கையாண்டுவரும் தூண்டில் இது. மண்ணில் நம் திருடன் ஃபைட்டோஃப்தோரா இருந்தால், இரண்டு மூன்று நாளில் இலையோரத்தில் எலுமிச்சை வடிவ வித்துப்பைகள் முளைத்திருக்கும். அவற்றைக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்து, பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, நுண்ணோக்கியில் கண்ணை வையுங்கள். பை திறக்கிறது... குபுகுபுவென்று நீந்திக் கிளம்புகின்றன வித்துகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்டை! கொடியைக் கொல்ல வந்த கூட்டம் என்பதையே மறந்து கைதட்டத் தோன்றும்.

அதோடு விட மாட்டார்கள். கேரட் சாறு கலந்த அகாரில் தனியே வளர்த்து, நோயில்லாத மிளகு இலையில் தொற்ற வைப்பார்கள். அதே கறுப்பு அதிலும் படர்ந்து, அதிலிருந்து அதே உயிரி திரும்பக் கிடைத்தால்தான் குற்றம் உறுதி.

இன்னொரு ரகசியம். பூஞ்சை நோய் என்றே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் இவன் அசல் பூஞ்சையே இல்லை! செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. சொந்தம் என்று பார்த்தால் பழுப்புக் கடற்பாசிக்குத்தான் நெருக்கம். கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்துவிட்டு, 'மருந்து கேட்கவே இல்லை' என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். கேட்பது பழைய போர்டோ கலவை. 1 சதவீதக் கரைசலை மழைக்கு முன்பே அடித்துவிடுவார்கள். 1885-இல் பிரான்ஸில் தாவரவியலாளர் மில்லார்தே அதை அறிவித்தது திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக. அங்கே மாட்டியவனும் இவனுடைய பங்காளிதான்!