மணிமாலையும் மும்மணியும்

மட்டாஞ்சேரியில் ஒரு மைல் சுற்றினால் துளசி மணி, உருத்திராக்கம், தஸ்பீஹ், ஜெபமாலை எல்லாவற்றையும் கண்டுவிடலாம். சமணர்களாகிய எங்களிடம் ஸ்படிகம், சந்தனம், பவளம், முத்து, பருத்தி நூல் மாலைகள் உண்டு. கல் மணி வியாபாரியான என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஒன்றே: “எந்தக் கல்லில் ஜபித்தால் சீக்கிரம் பலன் கிடைக்கும்?” மாலை எதற்காக என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும்.

108 ஏன்?

இவ்வூர் குஜராத்தி வீதியில் 1904-ல் எழுந்த தருமநாதர் ஆலயத்தில் வழிபடுவோர் சுவேதாம்பரர். அவர்கள் கணக்கில் அருகர் குணம் 12, சித்தர் 8, ஆசாரியர் 36, உபாத்தியாயர் 25, சாதுக்கள் 27, கூட்டினால் 108. தமிழ்ச் சமணர் திகம்பர வழியினர். எங்கள் கணக்கில் அருகருக்கு 46, சாதுக்களுக்கு 28 என்பதால் மொத்தம் 143 ஆகிவிடும். ஆகவே நாங்கள் 108-க்கு வேறு பொருள் கொள்கிறோம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வரும் வாயில்களைச் சொல்கிறது. தீமையை எண்ணுதல், அதற்கு ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என 3. மனம், மொழி, மெய் என 3. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என 3. கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை என 4. பெருக்கினால் 108. ஒரு மணியைத் தள்ளும்போது ஒரு வாயிலை அடைக்கிறோம் என்று பாவிக்க வேண்டும். உச்சியில் கோக்கும் 3 மணிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். இவையே மும்மணி. ஆக 111.

ஜபிக்கும் முறை

பஞ்ச நமஸ்கார மந்திரம் 5 பதம், 35 எழுத்து. ஒரு மந்திரத்துக்கு 3 மூச்சு. 9 முறைக்கு 27. மாலை முழுதும் 324. சாதாரண மூச்சில் இதற்கு இருபது நிமிடம் பிடிக்கும். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்றால் விரல்தான் ஓடியது, மனம் ஓடவில்லை.

கல்லின் தன்மை

கல் மணி தமிழருக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தும் கொடுமணத்து அணிகலனைச் சொல்கிறது. நம் கொச்சிக்கு வடக்கே இருந்த முசிறி வழியாகப் பளிங்குபோன்ற கற்கள் கப்பலேறியதைப் பெரிப்ளஸ் குறிப்பிடுகிறது.

ஸ்படிகம் கண்ணாடியைவிடக் கடினமானது, தொட்டால் குளிரும், வியர்வைக்குக் கெடாது. முத்தும் பவளமும் மென்மையானவை. வியர்வை பட்டுப் பட்டு மங்கிப்போகும். அவை உயிரினத்தின் உடலிலிருந்து வருவதால் கொல்லாமை நோற்பவருக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பூமியிலுள்ள கல்லையும் நிலவுடம்பு கொண்ட ஓரறிவுயிர் என்பது எங்கள் ஆகமம். எனவே ஆயுளுக்கு ஒரு மாலை போதும். சந்தையில் கண்ணாடியை ஸ்படிகம் என்பார்கள். உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. செவ்வந்திக்கல்லைச் சூடாக்கி மஞ்சளாக்கிப் புஷ்பராகம் என்று விற்பதும் உண்டு.

விலையும் பலனும்

மகளுக்கு வரன் அமையணும், மகனுக்கு வேலை கிடைக்கணும் என்று வட்டிக்குப் பணம் வாங்கி மாலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் விற்பதில்லை. பேராசையை அடைக்க உருட்டும் மணியைப் பேராசையாலேயே வாங்கினால் 108-ல் 27 வாயில்கள் திறந்தே கிடக்கும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் ஜபமாலைக்கும் சேர்த்துத்தான். கழுத்தில் ஆயிரக்கணக்கில் விலை தொங்கினால் நினைப்பு அதன் பத்திரத்தில் நிற்குமே தவிர மந்திரத்தில் நிற்காது.

வசதி இல்லையா? கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரலுக்கும் மும்மூன்று கணு, மொத்தம் 12. வலக்கையில் 12 எண்ணி, இடக்கையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது சுற்றில் 108 வந்துவிடும். பெரியவர்கள் இதைக் கரமாலை என்பார்கள். வியாபாரியே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நான் விற்பது கல்லை. மும்மணி எந்தக் கடையிலும் கிடைக்காது.