யாரை அமர்த்துவது, யார் நீக்குவது?

2023 நவம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகுப்பா என்ற சிறிய ஊரின் நீரேற்று நிலையம் ஒன்றில், நீரழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின் திரையில் திடீரென்று இஸ்ரேல் எதிர்ப்பு வாசகம் தோன்றியது. ஈரானோடு தொடர்புடைய ஹேக்கர்களின் வேலை. இஸ்ரேலில் தயாரான அந்த வகைக் கருவிகள் அப்போது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 1111 என்ற கடவுச்சொல்லோடு வந்தன. பல இடங்களில் அதை யாரும் மாற்றவே இல்லை. ஊழியர்கள் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் இயக்கிச் சமாளித்தார்கள். அமெரிக்காவில் ஊர்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் தரும் அமைப்புகள் ஏறத்தாழ 50,000 இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது, 10,000 பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ தண்ணீர் தருபவை. கணினிப் பாதுகாப்புக்கென்று தனி ஆள் வைக்க அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஏது வசதி?

மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு, எரிபொருள் போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளைக் காப்பது பற்றி அமெரிக்க அதிபருக்கு ஆலோசனை சொல்ல ஒரு தேசிய மன்றம் உண்டு. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, 2001 அக்டோபரில், ஜார்ஜ் புஷ் பிறப்பித்த ஆணையால் பிறந்தது அது. 30 பேர் வரை அதிபரே நியமிக்கலாம். பொதுவாக நிறுவனத் தலைவர்களையோ அவர்களுக்கு நிகரானவர்களையோ எடுக்க வேண்டும் என்று அந்த ஆணையே சொன்னது. காரணம் இல்லாமல் இல்லை. அந்த நாட்டில் கட்டமைப்பின் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கிறது. மேசையில் எடுத்த முடிவை நாளையே நடத்திக்காட்டும் அதிகாரம் உள்ளவர்தான் வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் அலிகுப்பாவின் 1111, பெரிய நிறுவனத் தலைவரின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இல்லை. மன்றத்தின் இன்னொரு பலவீனம் 2017 ஆகஸ்டில் தெரிந்தது: அன்றைய 28 உறுப்பினர்களில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் விலகினார்கள். சார்லட்ஸ்வில் நிறவெறி வன்முறை பற்றி அதிபர் டிரம்ப் பேசிய விதம், பெருகிவரும் சைபர் ஆபத்துகளை அவர் போதிய அளவு கவனிக்காதது எனப் பல காரணங்களைச் சொன்னார்கள். அதிபரோடு ஒத்துப்போகாத உறுப்பினருக்கு அந்த மன்றத்தில் இருந்த ஒரே ஆயுதம் ராஜினாமா. அது எவ்வளவு மெலிந்த ஆயுதம் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்ட மன்றங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தகுதியிலேயே நின்றுவிடுகிறது: எத்தனை நிபுணர்கள், எந்தத் துறையிலிருந்து, என்ன அனுபவம். அதைவிட முக்கியம், அமர்த்துகிற கையும் நீக்குகிற கையும் ஒன்றாக இருக்கலாமா என்பது. இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு ஆய்வு வாரியத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2021 மே மாதம் பைடன் பிறப்பித்த ஆணையின்படி அமைந்த வாரியம் அது. என்.எஸ்.ஏ., எஃப்.பி.ஐ. போன்ற அரசு அமைப்புகளின் அதிகாரிகளும் தனியார் துறை நிபுணர்களும் அதில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். துணைத் தலைவர் கூகுளின் பாதுகாப்பு அதிகாரி.

2023 கோடையில் சீனாவோடு தொடர்புடைய ஒரு குழு, மைக்ரோசாஃப்ட் 2016-இல் உருவாக்கிய ஒரு மின்னணுச் சாவியைக் கைப்பற்றி, அமெரிக்க வணிகத் துறை அமைச்சர் உட்பட 500-க்கும் மேற்பட்டோரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தது. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மின்னஞ்சல்கள் போயின. அந்தத் துறை கூடுதல் கட்டணம் செலுத்தி விரிவான பதிவேடுகளை வாங்கி வைத்திருந்ததால்தான் திருட்டே தெரியவந்தது, வாங்காதவர்களுக்குத் தெரிந்திருக்காது. இதை விசாரிக்க வாரியம் உட்கார்ந்தபோது, போட்டி நிறுவனத்தைச் சேர்ந்த துணைத் தலைவர் ஒதுங்கிக்கொள்ள, வாரியத்தின் மற்றோர் உறுப்பினரான டிமித்ரி ஆல்பெரோவிச் தற்காலிகமாக அந்தப் பொறுப்பை ஏற்றார். சாவி எப்படித் திருடுபோனது என்று 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு விளக்கம் வெளியிட்டிருந்தது. அது சரியல்ல என்று நவம்பரில் வாரியத்திடம் ஒப்புக்கொண்ட பிறகும், வாரியம் திரும்பத் திரும்பக் கேட்ட பின்னர் 2024 மார்ச்சில்தான் பொதுவெளியில் திருத்தியது. ஏப்ரலில் வந்த அறிக்கை, இந்த ஊடுருவல் தடுத்திருக்கக் கூடியது, நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடே மாற வேண்டும் என்று நேரடியாக எழுதியது. தொழில் தெரிந்தவர்கள் இல்லாமல் இப்படிக் குடைந்து கேள்வி கேட்டிருக்க முடியாது. அதனால், சொந்த நலன் இருப்பவர்களை அடியோடு விலக்கினால்தான் மன்றம் தூய்மையாக இருக்கும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. அவரவர் நலனை முன்கூட்டியே பகிரங்கப்படுத்தி, உரிய நேரத்தில் எழுந்து வெளியே போகச் செய்தால் போதும்.

இவ்வளவு செய்த வாரியத்தின் கதி என்ன? 2025 ஜனவரி 20 அன்று, புதிய ஆட்சி பதவியேற்ற நாளிலேயே, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் ஆலோசனைக் குழுக்களின் உறுப்பினர் பதவிகள் அனைத்தையும் முடித்துவைத்தது. வளங்கள் வீணாகக் கூடாது என்பது சொன்ன காரணம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்ற சீனக் குழு ஊடுருவியது பற்றிய விசாரணை அப்போது பாதியில் இருந்தது. வாரியத்துக்கென்று தனிச் சட்டத்தின் தூண் எதுவும் இல்லை. ஆணையில் பிறந்ததை ஒரு குறிப்பாணை முடித்துவிட்டது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குத் தன் ஆலோசகர்களை மாற்றும் உரிமை வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும், ஆலோசகர்களை. விசாரிப்பவர்களின் கதை வேறு. விமான, ரயில் விபத்துகளை ஆராயும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஐந்து உறுப்பினர்கள். அதிபர் பெயர் சொல்ல, செனட் ஒப்புதல் தர வேண்டும். பதவிக்காலம் ஐந்தாண்டு, ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் கூடாது. இந்தக் காப்பும் முழுமையானதல்ல: 2025 மே மாதம் அதன் துணைத் தலைவரை டிரம்ப் நீக்கினார். ஆனாலும் சட்டத்தில் வேரூன்றியதால் வாரியம் நிலைத்து நின்றது, விசாரணைகள் தொடர்ந்தன.

இரண்டாவது ஆட்சேபம் ரகசியம். மின்கட்டமைப்பின் ஓட்டைகளை மன்றத்தில் உட்காரும் பொதுமக்கள் பிரதிநிதியிடம் சொன்னால் எதிரிக்குப் போகாதா? போகக் கூடிய விவரங்கள் உண்டு. அவற்றை மூடிய அறையில் பேசலாம். ஆனால் எல்லாவற்றையும் மூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கூடங்குளம் சாட்சி. 2019 அக்டோபர் 29 அன்று, சைபர் தாக்குதல் என்பதே பொய்ச் செய்தி என்று அணுமின் நிலையத்தின் பெயரில் அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்துவிட்டதாம். உலைக் கட்டுப்பாடு தனி வலையமைப்பில் இருப்பதால் பாதிப்பில்லை என்றும் சொன்னது. உண்மையாகவே இருக்கலாம். முதல் நாள் மறுத்தவர்கள் இரண்டாம் நாள் சொல்வதை யார் நம்புவார்கள்? நம் நாட்டில் அடிப்படைக் கட்டமைப்புகளைச் சைபர் தாக்குதலிலிருந்து காக்கும் பணிக்கான தேசிய மையம், என்.டி.ஆர்.ஓ. என்ற உளவு அமைப்பின் கீழ் 2014 முதல் இயங்குகிறது. அங்கே சரிபார்த்துச் சொல்ல வெளியாள் யாரையும் நாம் அறியோம்.

இப்படி ஒரு மன்றம் எங்காவது அமைவதாகச் செய்தி வந்தால், தலைவர் யார் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை ஆண்டுக்கு, சிற்றூர்க் குடிநீர் வாரியத்துக்கு அதில் ஓர் இடம் உண்டா, அவர்களை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று கேளுங்கள்.