காலையிலேயே முடிந்துவிடும் ராத்திரி சீரியல்

இரவு விஜய் டிவியில் வரப்போகும் சீரியலை அன்று காலை 6 மணிக்கே பார்த்துவிடலாம் என்று சொல்லி 2019-இல் சந்தா பிடித்தது ஹாட்ஸ்டார் ஆப். சேனலும் ஆப்பும் ஒரே முதலாளியுடையவை. தன் கடை வாசலிலேயே தானே இன்னொரு கடை விரித்த கதை.

அதனால் ஒளிபரப்பு பழசாகிவிட்டது என்று அர்த்தமில்லை. செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் சிக்னலைப் பத்து வீடு பிடித்தாலும் பத்துக் கோடி வீடு பிடித்தாலும் அனுப்புகிறவருக்குச் செலவு ஒன்றுதான். இணையத்திலோ ஆளுக்கு ஆள் தனித்தனியாக அனுப்பியாக வேண்டும். 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால், கோலி அவுட்டானது செல்போனுக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டு டிவியிலிருந்து 'ஐயையோ' கேட்டிருக்கும்!

பிறகு டிவி எங்கே சறுக்கியது? விளம்பரத்தில். எந்த சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை, நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்துத்தான் 'பார்க்' (BARC) என்ற அமைப்பு கணிக்கிறது. மற்றதெல்லாம் அனுமானம். ஆப்புக்கோ யார், எந்த ஊர், எந்த நொடியில் எழுந்து போனார் என்பது வரை தெரியும். சோப்பு விற்பவருக்கு அனுமானம் போதும். கார் விற்பவருக்குப் போதாது.

டிஜிட்டல் டிவியை நெருங்கிவிட்டது 2022 ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஏலத்திலேயே தெரிந்தது. ஓர் ஆட்டத்துக்கு டிவி உரிமை 57.5 கோடி ரூபாய், டிஜிட்டல் உரிமை 50 கோடி. டிவியை டிஸ்னி ஸ்டாரும் டிஜிட்டலை வயாகாம்18-உம் எடுத்தன. 2024 நவம்பரில் இரண்டும் ஒரே நிறுவனமாகிவிட்டன. போட்டியாவது, ஒன்றாவது!

இனி பார்ப்பவர் பக்கம். 2011-இல் தமிழ்நாடு அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. அந்த மலிவுதான் டிவியின் அசல் பலம். வசதியுள்ளவர்கள் ஆப்புக்குப் போய்விட்டால், மிச்சமிருக்கும் வீடுகளுக்காக யார் செலவழித்து நிகழ்ச்சி எடுப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இதற்கிடையே, இணையமே இல்லாமல் ஒளிபரப்பை நேராக செல்போனில் இறக்கும் 'டி2எம்' முறையை பெங்களூரு, நொய்டா போன்ற இடங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டேட்டா செலவே கிடையாது. ஆனால், போனுக்குள் அதற்கென்று தனி சிப் வேண்டும். டேட்டா விற்றுப் பிழைக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.