மயிலைப் பார்க்காத வான்கோழி

மேசைமேல் இரண்டு எச்சங்கள், கண்ணாடி மூடிக்குள். ஒன்று ஆங்கில ‘ஜே’ எழுத்துபோல வளைந்தது, சேவலுடையது. முறுக்குப் போலச் சுருண்டிருந்தது பெட்டையுடையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிறிய இயற்கை அருங்காட்சியகம் நடத்திய வான்கோழி குடும்ப நாளில், அதிகக் கூட்டம் கூடிய மேசை இதுதான். முகம் சுளித்ததெல்லாம் பெற்றோர்கள்தான்.

நவம்பர் பிறந்து தேங்க்ஸ்கிவிங் விருந்து நாள் நெருங்கினால் அங்கே இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் பல ஊர்களில் நடக்கும். விருந்துக்கு வரும் வான்கோழியைக் குழந்தைகள் அறிவார்கள். காட்டு வான்கோழி வேறு கதை. உயிரியல்படி இரண்டும் ஒரே இனம் என்றாலும் நம்பச் சிரமமாக இருக்கும். பெரும்பண்ணைகளில் வளர்வது மார்புக்கறிக்காகவே உருவாக்கப்பட்ட வெள்ளைப் பறவை. அதற்குப் பறக்கத் தெரியாது. உடம்பு பெருத்ததில் இயல்பாக இணைசேரவும் முடியாமல், செயற்கைக் கருவூட்டலை நம்பித்தான் அதன் வம்சமே ஓடுகிறது. காட்டில் இருப்பதோ விரட்டினால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலும் பறக்கும். பொழுது சாய்ந்தால் உயர்ந்த மரக்கிளைக்குப் போய்விடும்.

பதப்படுத்திய இறக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கறுப்பு என்று நினைத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்ததும் செம்பும் பச்சையும் பொன்னும் மாறி மாறி ஓடின. ஒரு பறவைக்கு இறகுகள் மட்டும் 5,000-க்கு மேல். சேவலின் மார்பில் தொங்கும் தாடிகூட மயிரல்ல, உருமாறிய இறகு. இறகில்லாத தலையோ கோபதாபத்துக்கு ஏற்பச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறும். மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி என்று நாம் காலங்காலமாகக் கேலி பேசுகிறோம். அமெரிக்கக் காட்டில் அது எந்த மயிலைப் பார்த்ததாம்? பறவையியலில் இரண்டும் ஒரே குடும்பம். வாலை விசிறியாக விரித்து ஆடுவது வான்கோழிக்குப் பரம்பரைச் சொத்து.

அடுத்த மேசையில் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் மரப்பெட்டி. மூடியின் அடியில் சாக்கட்டி தடவி, பெட்டியின் விளிம்பில் இழுத்தால் பெட்டை கூப்பிடுவது போலச் சத்தம் வரும். ஒரு சிறுமி இழுத்தபோது முதலில் பழைய கதவு திறந்தது. அப்புறம் மெதுவாக இழுக்கவும் ‘கியாக், கியாக்’ என்று அச்சு அசலாக வந்தது. பிறகு அவளிடமிருந்து பெட்டியை வாங்க முடியவில்லை.

அருங்காட்சியகம் ஒரே ஒரு சுவரொட்டியோடு முடித்துக்கொண்ட விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. காடுகளை அழித்து வயலாக்கியதிலும் வேட்டையிலும் இந்த மாநிலத்தில் வான்கோழியே இல்லாமல் போனது. கடைசிப் பறவை 1851-ல் டாம் மலையில் சுடப்பட்டது. பின்னாளில் பண்ணையில் வளர்த்தவற்றைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. எதைத் தின்பது, யாருக்குப் பயப்படுவது என்பதைத் தாய்க்கோழியிடம் கற்காத குஞ்சுகள் காட்டில் எத்தனை நாள் தாங்கும்? 1972, 73-ல் நியூயார்க் மாநிலத்துக் காடுகளில் பிடித்த 37 காட்டுப் பறவைகளை மாசசூசெட்ஸின் பெர்க்ஷயர் மலைக்காட்டில் விட்டார்கள். இன்று மாநிலத்தில் 25,000-க்கு மேல்.

உள்ளங்கையைத் தாளில் வைத்துக் கோடிழுத்து, கட்டைவிரலைத் தலையாகவும் மற்ற விரல்களை வாலாகவும் ஆக்கி வான்கோழி வரைவது அமெரிக்கக் குழந்தைகளின் வழக்கம். இங்கும் வரைந்தார்கள். வால் நுனிக்குப் பலர் வெள்ளை பூச, உள்ளூர்ப் பறவைக்குப் பழுப்பு என்று வழிகாட்டி திருத்தினார். வெள்ளை நுனி மெக்சிகோ வழி வந்தது. அங்கே பழக்கப்படுத்திய வான்கோழியை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1612-ல் கோவா வழியாக முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அரண்மனைக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த அதன் ஓவியம் இப்போது லண்டனில் இருக்கிறது.

கடைசியில் ஓர் அப்பா, தன் காரை ஒரு சேவல் தினமும் கொத்துகிறதே என்றார். பாஸ்டனை ஒட்டிய புரூக்லைன் போன்ற நகரங்களிலும் இதே புகார்தான். பளபளப்பில் தெரியும் தன் பிம்பத்தையே போட்டிச் சேவலாக நினைத்துக்கொள்கிறது. காரை மூடி வையுங்கள், தீனி போடாதீர்கள் என்றார் வழிகாட்டி. எதிரே வந்தால் துடைப்பத்தை வீசி விரட்டலாம், ஆனால் ஓடக் கூடாது. வான்கோழிக் கூட்டத்தில் மேல், கீழ் உண்டு. ஓடுபவரை அது தனக்குக் கீழே சேர்த்துவிடும்.