பந்து அவருடையது, பாடு நம்முடையதா?

சீமான் கோல்ஃப் மட்டையை ஓங்குகிறார். பந்து வேலி தாண்டுகிறது. ஏழை வீட்டு ஓடு நொறுங்குகிறது! "வேண்டுமென்றா அடித்தேன்?" என்கிறார். அதனால் உடைந்த ஓடு ஒட்டிக்கொள்ளுமா?

1922-இல் இங்கிலாந்து நீதிமன்றம் கூறிற்று: சாலையில் சென்ற டாக்சிக்காரரின் கண்ணைப் பறித்த கோல்ஃப் பந்துக்கு, அடித்தவரும் பொறுப்பு, ஆடவிட்ட சங்கமும் பொறுப்பு! காரணம், அந்தச் சாலையிலே அடிக்கடி பந்து விழுந்தது. 1951-இலோ, கிரிக்கெட் பந்து பட்ட பெண்மணி தோற்றார். அங்கே பந்து வெளியேறியது அரிதினும் அரிது.

புதுவைத் தோழர்களே! தவறிழைத்தவனே இழப்பை ஈடுசெய்க என்றது, இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரரின் 1804ஆம் ஆண்டுச் சட்டமும். எனவே, எந்தப் பந்தானாலும், விழுந்த நாளைக் குறித்து வையுங்கள், பந்தைப் பத்திரப்படுத்துங்கள், பக்கத்து வீட்டாரைச் சாட்சியாக்குங்கள். கணக்கிருந்தால் வழக்குண்டு! கெஞ்சிக் கேட்பது பிச்சை. சட்டப்படி கேட்பது உரிமை!