மதுக்கூடத்துச் சிற்றுண்டியும் சட்டமும்

சனிக்கிழமை மாலை கைக்கு வரும் வாரக் கூலியில் எவ்வளவு வீடு போய்ச் சேருகிறது என்பது, தறியும் தோட்டமுமாக வாழும் சேவூர் வட்டாரத்தினராகிய நமக்குப் புதிய கேள்வி அன்று. அப்பணம் கரையும் இடங்களுள் ஒன்று மதுக்கூடம். அங்கே உணவு பரிமாறுவதைப் பற்றிச் சட்டம் கூறுவதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வெறும் வயிற்றில் அருந்தும் மது விரைவில் இரத்தத்தில் கலக்கும்; உணவோடு அருந்தினால் அவ்வேகம் குறையும். ஆதலால் உணவைக் கொண்டு குடியைக் கட்டுப்படுத்தலாம் எனச் சில அரசுகள் எண்ணின. நியூயார்க்கில் 1896ஆம் ஆண்டு வந்த ரெயின்ஸ் சட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டல்களில் உணவுடன் மட்டுமே மது வழங்கலாம் என்றது. விளைவு யாதெனில், உலர்ந்துபோன ஒரே சாண்ட்விச் மேசைக்கு மேசை பயணம் செய்தது! 2020 டிசம்பரில், பெருந்தொற்றின் காரணமாக இங்கிலாந்தின் பல பகுதிகளில் முழுச் சாப்பாட்டுடன் மட்டுமே மது எனக் கட்டளை பிறந்தது. இறைச்சி பொதிந்து பொரித்த முட்டை ஒன்று சாப்பாடாகுமா என்பதற்கு அமைச்சர்களே விளக்கம் கூற நேர்ந்தது.

நம் மாநிலத்து ஏற்பாடு வேறு விதமானது. ஆலைகளில் தயாராகும் மதுவை மொத்தமாக வாங்கி விற்கும் பொறுப்பு 1983 முதலும், சில்லறைக் கடைகளை நடத்தும் பொறுப்பு 2003 நவம்பர் முதலும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளன. கடையை ஒட்டிய கூடத்தையோ டெண்டர் எடுத்த தனியார் நடத்துகிறார். அவருக்கு 2003ஆம் ஆண்டு விதிகள் தரும் உரிமை மது விற்பதற்கன்று. தின்பண்டம் விற்பதற்கும் காலிப் புட்டிகளைச் சேகரிப்பதற்குமே. பிற நாடுகளில் உணவு குடிக்குக் கடிவாளமாகக் கருதப்பட்டது. இங்கோ, குடிப்போர் நெடுநேரம் அமர்ந்தால்தான் தின்பண்டக்காரருக்கு இலாபம். உப்பும் காரமும் தாகத்தைப் பெருக்குவன என்பதையும் நாம் மறத்தலாகாது.

அத்தட்டில் வருவது தூய்மையானதா என்று கேட்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மதுபானத்தையும் உணவு என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. தின்பண்டம் விற்பவர், வியாபாரத்தின் அளவுக்கேற்ப, அச்சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்று, அதனைக் கண்ணில் படும்படி வைத்தல் வேண்டும். குறை காண்போர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிடலாம்.

அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, மக்களின் ஊட்டத்தை உயர்த்துவதையும் மதுவிலக்கை நாடுவதையும் அரசின் கடமைகளாக ஒருங்கே கூறுகிறது. அவ்விரண்டையும் சேர்த்து வைத்ததன் பொருள் நம் வீட்டு அடுப்படியில் நன்கு விளங்கும். கூடத்தில் ஒரு தட்டுக்குக் கொடுக்கும் காசில் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் வாங்கலாம்.

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே. கூலி பெறும் நாளிலேயே ஒரு பங்கைச் சங்கத்தின் சிக்கனச் சேமிப்பில் செலுத்திவிடுங்கள்; மீதியை இல்லத்தரசியின் கையில் கொடுத்துவிட்டு, அதன்பின் கடைவீதிக்குப் புறப்படுங்கள்.